சோக் குமிழில் ஒரு துணிக் கிளிப்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘அண்ணாச்சி, கார்பரேட்டர் போச்சு’ என்றுதான் தொடங்குகின்றன. போனது பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டர்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? செங்கோட்டையில் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றை நான் கார்பரேட்டரில் கை வைக்காமலே ஓட்டி அனுப்பியிருக்கிறேன். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

*

“என்னிடம் 1970 மார்க் 2 அம்பாசடர் இருக்கிறது. காலையில் சோக்கை இழுத்தால் ஒரே செல்ஃபில் பிடித்துவிடும். சூடான பிறகு சோக்கை உள்ளே தள்ளினால் ஆஃப். இப்போது குமிழை ஒரு அங்குலம் வெளியே இழுத்து, பின்னால் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி ஓட்டுகிறேன். இரண்டு பட்டறைகளில் கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டினார்கள். மூன்றாவது ஆள், ‘இது தேறாது, வேற மாட்டிருவோம்’ என்கிறார். மாட்டலாமா?” — ஆரியங்காவு வாசகர்

மாட்ட வேண்டாம். அந்தக் கிளிப்பையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று பட்டறைக்காரர்கள் சொல்லாததை அது சொல்லியிருக்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது எஸ்.யு. கார்பரேட்டர். குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதுதான் சோக்கின் வேலை. இதில் அது காற்றை அடைக்கிற தகடு இல்லை. குமிழை இழுக்கும்போது முதல் கொஞ்ச தூரத்துக்கு, இன்ஜினுக்குக் கலவை போகிற வழியைத் திறந்து மூடுகிற த்ராட்டில் மட்டும் லேசாகத் திறந்து வேகம் கூடும். அதற்கு மேல் இழுத்தால்தான் அடியில் இருக்கிற ஜெட், அதாவது பெட்ரோல் வருகிற சின்னக் குழாய், கீழே இறங்கும். ஜெட்டுக்குள் நிற்கிற ஊசி நுனி நோக்கிச் சிறுத்தது. ஜெட் இறங்க இறங்கச் சுற்றிலும் இடைவெளி அகன்று பெட்ரோல் அதிகமாக ஏறும். நீங்கள் ஒரு அங்குலம் இழுத்து வைத்திருக்கிறீர்கள் என்றால் ஜெட் இறங்கித்தான் நிற்கிறது. சூடான இன்ஜினும் கூடுதல் பெட்ரோல் கேட்கிறது. அப்படியானால் ஒன்று பெட்ரோல் போதவில்லை, இல்லாவிட்டால் கணக்கில் வராத காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐம்பது வருஷ வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது காற்றைத்தான்.

இன்ஜினை நிறுத்திவிட்டு த்ராட்டில் தகட்டைத் தாங்குகிற அச்சான ஸ்பிண்டிலின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுற்றுவதுதான் அதன் வேலை, ஆடக் கூடாது. ‘கடகட’ என்று ஆடினால் அந்த ஓட்டை வழியாகக் காற்று போகிறது. கார்பரேட்டர் பாடியில் புஷ் அடித்துப் புது ஸ்பிண்டில் போட வேண்டும். லேத் பட்டறையில் முடிகிற வேலை, புதுக் கார்பரேட்டர் தேவையில்லை.

ஸ்பிண்டில் சரி என்றால், வண்டியை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பழைய பெயிண்ட் பிரஷில் தொட்டு, கார்பரேட்டர் மேனிபோல்டில் (இன்ஜினுக்குக் கலவை போகிற குழாயில்) உட்காரும் இடத்திலும், மேனிபோல்ட் இன்ஜினில் உட்காரும் இடத்திலும் தடவுங்கள். எங்கே தடவும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் பேக்கிங் போயிருக்கிறது. சிலர் இதையே பெட்ரோல் தொட்டுச் செய்வார்கள். இந்த இன்ஜினில் இன்லெட்டும் சைலன்சர் மேனிபோல்டும் ஒரே பக்கம், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. சூடான இரும்பின் மேல் பெட்ரோல் தடவுகிற ஆளைக் கண்டால் நான் பட்டறைக்கு வெளியே போய் நின்றுகொள்வேன்.

பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற மெல்லிய வாக்குவம் குழாயின் இரண்டு நுனியிலும் ரப்பர் முழங்கை இருக்கும். அது வெடித்திருந்தாலும் இதே கதைதான். அந்த ஒரு ரப்பர் துண்டுக்காக முழுக் கார்பரேட்டரைக் கழற்றி மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு கார்பரேட்டருக்கு வாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே தெரியும் பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விடுங்கள். ‘டக்’ என்று இரும்பு சத்தத்தோடு கீழே உட்கார வேண்டும். சத்தமில்லாமல் சொத்தென்று நின்றால் அழுக்கோ, ஜெட் நடுவில் இல்லாமல் ஊசியில் உரசுகிறதோ, இரண்டில் ஒன்று. உட்காருகிறது என்றால் இன்ஜினைச் சூடாக்கி, கார்பரேட்டர் பக்கவாட்டில் இருக்கிற சின்ன பின்னை அமுக்கிப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் போலத் தூக்குங்கள். அதற்கு மேல் தூக்கினால் சோதனை பொய் சொல்லும். வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். உடனே ஆஃப் ஆனால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி லேசாகக் கூடிப் பழையபடி அடங்கினால் கை வைக்காதீர்கள், சரியாக இருக்கிறது. உங்கள் வண்டி அநேகமாக ஆஃப் ஆகும். அப்போது அடியில் இருக்கிற ஆறு பட்டை நட்டை ஒரே ஒரு பட்டை கீழ்நோக்கித் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு சுற்று இல்லை, ஒரு பட்டை. முதல் இரண்டு பட்டறையில் யாரோ இதை மேலே இறுக்கி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

*

“எனது பிரீமியர் பத்மினி சமவெளியில் தங்கம். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது, ராட்சத பைப்புகள் தெரிகிற திருப்பத்துக்கு மேலே, திணறித் திணறி நின்றுவிடுகிறது. இருபது நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. கார்பரேட்டர் இரண்டு முறை சர்வீஸ் செய்தாகிவிட்டது.” — கம்பம் வாசகர்

சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிற வண்டிக்கு மூன்று காரணம் உண்டு. நிற்கிற இடத்திலேயே, அந்த இருபது நிமிஷத்துக்குள்ளேயே பார்த்தால்தான் எதுவென்று தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றும் உத்தமமாக இருக்கும்.

நின்றதும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கிற மூச்சுத் துவாரம் அடைத்திருக்கிறது. பெட்ரோல் போகப் போகக் காற்று உள்ளே வர வழியில்லாமல் பம்ப் வெறுமனே இழுத்துக் களைத்துப் போகிறது. ஊசியால் குத்தி விடுங்கள், ஐந்து பைசா செலவில்லை.

மூடி சரி என்றால் கரண்ட் பாருங்கள். கரண்டின் அழுத்தத்தை ஏற்றித் தருகிற காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற தடித்த வயரைக் கழற்றி, காய்ந்த கட்டையிலோ நல்ல பிளாஸ்டிக் பிடி இடுக்கியிலோ பிடித்து, நுனியை இன்ஜின் இரும்புக்கு ஆறு மில்லிமீட்டர் தள்ளிக் காட்டி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. நீலமாக, ‘டப் டப்’ என்று கேட்கிற மாதிரி பொறி விழ வேண்டும். மஞ்சளாக நூல் போல விழுந்தாலோ, விழாவிட்டாலோ கண்டன்சர் அல்லது காயில்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. 1978-ல் நான் புனலூரில் தூக்குப் பாலத்துக்குப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் எடுபிடி. 1877-ல் கட்டி முடித்த பாலம் அது. மதியச் சாப்பாட்டுக்கு அதன் மேல்தான் போய் உட்காருவேன். தென்மலைப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரரின் அம்பாசடர் ஒன்று இதே புகாரோடு வந்தது. ஆசான் ஊரில் இல்லை. நாமே பார்த்துவிடலாம் என்று கார்பரேட்டரைக் கழற்றினேன், கழுவினேன், பூட்டினேன். தென்மலை ஏற்றத்தில் நின்றது. மறுபடி கழற்றினேன். மூன்றாவது தடவை, பிஸ்டன் கறுத்திருக்கிறதே என்று எமரி பேப்பர் போட்டுத் தங்கம் போலப் பளபளக்கத் தேய்த்தேன். அதன் மேல்மூடியின் உள்பக்கத்தையும் விடவில்லை.

மறுநாள் ஆசான் வந்தார். கோபம் வந்தால் அவருக்கு மலையாளமும் தமிழும் கலந்துதான் வரும். “எடா, ஆத்யம் கரண்ட் நோக்கு, பின்னே எண்ண நோக்கு!” என்றார். முதலில் கரண்டைப் பார், பிறகு பெட்ரோலைப் பார் என்று அர்த்தம். வண்டியைக் கொட்டகை இருட்டுக்குள் தள்ளி, சூடேற ஓடவிட்டு, நின்றதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற பாயிண்ட் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெல்டிங் வைத்த மாதிரி பளீர் பளீர் என்று பொறி. கண்டன்சர் உயிரோடு இருந்தால் அந்தப் பொறியை அது விழுங்கியிருக்கும். பாயிண்டில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் மினுங்கும். சூட்டில் அது செத்துப்போக, பிளக்குக்குப் போக வேண்டிய சக்தி பாயிண்டிலேயே எரிந்து தீர்ந்திருக்கிறது. சுண்டுவிரல் அளவுக் கண்டன்சரை மாற்றியதும் வண்டி ஏறிவிட்டது. ஆனால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஸ்லோவில் நிலைத்து ஓடவில்லை. அந்தப் பிஸ்டனும் மேல்மூடியும் ஜோடியாக, மயிரிழை இடைவெளிக்கு உரசாமல் பொருந்தியவை. என் எமரி பேப்பர் அந்த இடைவெளியைத் தின்றுவிட்டது. ஒரு மாசச் சம்பளம் போனது.

பத்மினிக்குத் திரும்புவோம். மூடியும் கரண்டும் சரியாக இருந்தால் மூன்றாவது காரணம் ஆவிப் பூட்டு. நம் பக்கம் ‘ஏர் லாக்’ என்பார்கள். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது காற்று குறைவு, சூடு அதிகம். பம்பிலும் பைப்பிலும் இருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்பால் திரவத்தை இழுக்க முடியும், ஆவியை இழுக்க முடியாது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் ஐந்து நிமிஷத்தில் கிளம்பினால் நோய் இதுதான். வைத்தியம் ஈரத்துணி இல்லை. பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் தடித்த கட்டை ஒன்று கம்பெனியில் வைத்திருப்பார்கள். யாராவது பம்ப் மாற்றும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பேப்பர் பேக்கிங் வைத்திருப்பார்கள். அதைத் தேடிப் போடுங்கள். பெட்ரோல் பைப் சைலன்சர் பக்கம் சாய்ந்திருந்தால் விலக்கிக் கட்டுங்கள். ரேடியேட்டரையும் ஒரு தடவை சுத்தம் செய்துவிடுங்கள்.

*

“குற்றாலச் சாரல் தொடங்கினால் என் அம்பாசடர் காலையில் எழுந்திருப்பதே இல்லை. பத்து மணிக்கு வெயில் அடித்தால் தானாகப் பிடிக்கிறது. சோக் சரியில்லையா?” — மேலகரம் வாசகர்

சோக் பாவம், விட்டுவிடுங்கள். கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் வேர்வையாகப் பூத்து நிற்கிறது. கரண்ட் அதன் வழியாகப் பிளக்குக்குப் போகாமல் பாடிக்கு இறங்கிவிடுகிறது. மூடியைத் திறந்து உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்து மாட்டினாலே பிடிக்கும். துடைக்கும்போது உள்பக்கம் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலில் கோடு கிழித்தது போல மெல்லிய கறுப்பு வரி தெரிந்தால் அது அழுக்கில்லை, விரிசல். மூடியை மாற்ற வேண்டும்.

இன்னொன்று. இரவு, விளக்கெல்லாம் அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். பிளக் வயர்கள் மேல் மின்மினிப் பூச்சி பறக்கிற மாதிரி நீலப்பொறி தெரிந்தால் நான்கு வயரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மாட்டும்போது வரிசை 1-3-4-2. இது மாறிப்போய் என்னிடம் இழுத்து வந்த வண்டிகள் கணக்கில் அடங்காது.

*

“எஸ்.யு. கார்பரேட்டர் தலையில் 90 கியர் ஆயில் ஊற்றினால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?” — வாளையார் வாசகர்

மைலேஜ் கூடாது, வண்டி மந்தமாகும். அந்த ஆயில் பிஸ்டன் திடீரென்று எகிறாமல் தாங்கிப் பிடிப்பதற்கு. கெட்டியாக இருந்தால் பிஸ்டன் எழும்ப நேரம் எடுக்கும். 20 கிரேடு மெல்லிய ஆயில் போதும். கிடைக்காவிட்டால் உங்கள் இன்ஜின் ஆயிலையே விடுங்கள். மூடியைத் திருகுவதற்குக் கால் அங்குலம் இருக்கும்போது கைக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும், அதுதான் அளவு. ஆயிலே இல்லாமல் ஓட்டினால் ஆக்சிலேட்டர் மிதித்ததும் ஒரு நொடி மூச்சு விட்டுத்தான் வண்டி போகும். அதைப் ‘பிக்கப் போச்சு’ என்று எழுதியிருக்கிற பாலக்காட்டு வாசகருக்கும் இதுவே பதில்.

*

“அண்ணாச்சி, அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இரண்டு வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. அப்பா காலமாகிவிட்டார். விற்க மனசில்லை, ஓட்டிப் பார்க்க ஆசை. தம்பி செல்ஃப் அடித்தபோது மெதுவாகச் சுற்றியது, சோக் கம்பி சுட்டுப் புகை வந்தது. பயந்து விட்டுவிட்டோம்.” — களியக்காவிளை வாசகி

தங்கச்சி, பயந்து விட்டதுதான் நல்லது. சோக் கம்பி சுட்டது உங்களுக்குக் கிடைத்த நல்ல தடயம். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதிலிருந்து பாடிக்கு எர்த் போக ஒரு பின்னல் பட்டை உண்டு. அது துருப்பிடித்தோ அறுந்தோ போயிருக்கும். செல்ஃப் கேட்கிற அத்தனை கரண்டும் வேறு வழியில்லாமல் உங்கள் சோக் கம்பி வழியாகத் திரும்பியிருக்கிறது. அந்தப் பட்டையைக் கழற்றி, இரண்டு நுனியும் உட்காரும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்குங்கள். செல்ஃப் புதுசு மாதிரி சுற்றும். சுட்ட சோக் கம்பி உறை உருகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆனால் உடனே செல்ஃப் அடிக்கக் கூடாது. ஹெரால்டில் ஒரு சௌகரியம் உண்டு. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். அப்பாவும் அப்படி உட்கார்ந்திருப்பார். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் நியூட்ரலில் வைத்து ஃபேன் பெல்ட்டைப் பிடித்துக் கையால் சுற்றிப் பாருங்கள். பிளக் இல்லாதபோது லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பலம் காட்டாமல் இன்னும் இரண்டு நாள் ஊறவிடுங்கள்.

டேங்கிலிருக்கிற பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். முகர்ந்து பார்த்தால் வார்னிஷ் வாசனை அடிக்கும். கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்து அடியில் இருக்கிற பழுப்புப் படிவைக் கழுவி, ஸ்லோ ஜெட்டை மட்டும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துவாரம் வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் காற்றடித்து எடுங்கள், கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துவாரம் பெரிசாகிவிடும். இந்த ஜெட் அடைத்த வண்டி ஆக்சிலேட்டர் மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும்.

பாயிண்ட் இரண்டு வருஷத்தில் பூத்துப் போயிருக்கும். மெல்லிய எமரியால் லேசாக ஒரு இழுப்பு, பிறகு பெட்ரோல் தொட்ட அட்டையால் துடைத்து, இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மில்லிமீட்டரில் சொன்னால் 0.38. பிளக் 25 தௌ. இதற்குத்தான் எமரி. கார்பரேட்டருக்கு இல்லை, மேலே என் கதையைப் படித்திருப்பீர்கள்.

புதுப் பெட்ரோல் ஐந்து லிட்டர் போட்டு, பம்பின் அடியில் இருக்கிற கைநெம்பால் கார்பரேட்டர் நிறையும்வரை அடித்துவிட்டு, செல்ஃப் பத்து நொடி, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி பத்து நொடி. பிடித்ததும் முதல் ஐந்து நிமிஷம் நீலம் கலந்த புகை கக்கும். ஊற்றிய ஆயில்தான் அது. கார்பரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிப் பிடிக்கவைக்கலாம் என்று யாராவது வந்தால் கொட்டகைக்குள் விடாதீர்கள். திருப்பி அடித்தால் தீ முகத்துக்கு வரும்.

*

“பங்கில் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. என் பழைய ஃபியட்டுக்கு ஆகுமா?” — புளியரை வாசகர்

ஆகும், ஆனால் கவனம் வேண்டும். 20 சதவீத எத்தனால் நம் வண்டிகள் செய்த காலத்து ரப்பரை ஊதவைக்கும். ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் புது வகை ரப்பரில் மாற்றுங்கள். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய அளவில் வண்டி பெட்ரோல் போதாமல் வறட்சியாக ஓடும். ஸ்லோவில் தடுமாறினால் மிக்சர் ஸ்குரூவை அரைச் சுற்று பெட்ரோல் கூடுகிற பக்கம் திருப்புங்கள். சோலெக்ஸ் கார்பரேட்டரில் அது வெளிப்பக்கம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் சாரல் காலத்தில் மாதக் கணக்கில் டேங்கில் தேக்கி வைக்காதீர்கள். தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் அதைத்தான் இழுக்கும்.

வால்வு வந்து உட்காருகிற சீட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நாடு முழுக்க நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மென்மையான சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குவது உண்டு. அப்போது வால்வைத் தள்ளித் திறக்கிற டேப்பட்டின் சத்தம் கூடுவதில்லை, குறைகிறது. ‘வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது, ஆனால் காலையில் பிடிக்கவில்லை, ஸ்லோவில் மிஸ்ஸிங்’ என்று வந்தால் நான் முதலில் டேப்பட் மூடியைத்தான் திறப்பேன். அடுத்த மாதம் உங்கள் டேப்பட் இடைவெளி எவ்வளவு இருந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.